சிவப்புக் கல் இருந்த சுவர்

காஸ்தோ வாழ்நாளெல்லாம் சுவர் எழுப்பிய கொத்தனார். இடித்தது ஒரே ஒரு சுவரைத்தான்.

அது கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர். இந்தப் பக்கம் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அந்தப் பக்கம், முள் மண்டிய துண்டு நிலத்தில், தூக்குப் போட்டுக்கொண்டவர்கள், பாதிரியாரோடு மல்லுக்கு நின்றே செத்தவர்கள், ஞானஸ்நானத்துக்கு முன்பே மூச்சு நின்ற குழந்தைகள். காஸ்தோவின் மூத்த மகனும் அங்கேதான் கிடந்தான். அங்கே சிலுவை நடக் கூடாது. அதனால் குழிக்கு நேராகச் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டு, இருபுறமும் தெரிகிற மாதிரி ஒரு சிவப்புக் கல்லைப் பதித்திருந்தார்.

ஆண்டுதோறும், இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளன்று, அவர் மனைவி பெனித்தா இந்தப் பக்கம் நின்று அந்தக் கல்லில் உள்ளங்கையை வைப்பாள். என்ன செய்கிறாய் என்று இளைய மகன் அன்செல்மோ சின்ன வயதில் ஒருமுறை கேட்டான்.

"குளிருதான்னு பாக்குறேன்டா."

ராஜா நாட்டை விட்டுப் போன மறு வருஷம், குடியரசு கல்லறைகளை எல்லாருக்கும் பொதுவாக்கியது. நடுச்சுவரை இடிக்கச் சொல்லி ஊர்த்தலைவர் லியோன்சியோ, காஸ்தோவின் வீட்டுக்கே வந்தார். நெஞ்சுச்சளியோடு படுத்திருந்த பெனித்தாவின் காதில் அது விழுந்தது.

"இடிங்க. நான் போனா என்னை அவன் பக்கத்துல போடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

இடித்த அன்று பாண்டு வாத்தியக்காரர்கள் வந்தார்கள். புதிய நாட்டுப்பாடல் அவர்களுக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். எதிர்ப்புக் காட்டப் பாதிரியார் சாவு மணி அடித்தார்.

"யாரு செத்தா?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

"ராஜாவோட சுவரு!"

"காஸ்தோ அண்ணே, மெதுவா. என் பேச்சு இன்னும் முடியல" என்றார் லியோன்சியோ.

"நீ பாட்டுக்குப் பேசு தம்பி. சுவருக்குக் காது கிடையாது."

காஸ்தோ நிறுத்தவில்லை. அஸ்திவாரக் கல்லையும் பெயர்த்தெடுத்தார். கற்கள் வண்டி வண்டியாகப் புதுப் பள்ளிக்கூடம் கட்டப் போயின. முள்ளை வெட்டி நிலத்தையும் நிரவிவிட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் பெனித்தா இறந்தாள்.

அன்செல்மோ சாலைப் பணியில் நில அளவையாளன். வேலைத் தலத்திலிருந்து நேராகக் கல்லறைக்கு வந்தான். அப்பா மண்வெட்டியோடு சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"எங்கப்பா தோண்டணும்?"

"சிவப்புக் கல்லுக்கு நேரா."

அந்தக் கல்லும் மற்ற கற்களோடு போய்விட்டிருந்தது. பள்ளிக்கூடச் சுவர்களுக்குச் சாந்து பூசி வெள்ளையும் அடித்தாயிற்று.

"நீ அளக்குறவன்தானே. அளந்து சொல்லு."

"எதுலேருந்துப்பா அளக்குறது?"

காஸ்தோ நிலத்தைப் பார்த்தார். சுவர் இருந்த இடம் மட்டும் சற்றுத் தாழ்ந்து, நீளமாக, சுண்ணாம்பு கலந்து வெளுத்துக் கிடந்தது. அந்தக் கோட்டின் மேலேயே ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார். திரும்பி வந்தார். நடுவில் ஓரிடத்தில் நின்றார். அதுதான் இடமா என்று அவருக்கும் தெரியாது.

"இங்க தோண்டுவோம். குறுக்க வேணாம், சுவரு போன வாக்குல."

"கோட்டு மேலயேவா?"

"அவ சுவத்துகிட்டதானே நிப்பா."

தோண்டினார்கள். பாதி ஆழத்தில், விட்டுப்போன ஒரு அஸ்திவாரக் கல் தட்டுப்பட்டது. வெள்ளைக் கல். காஸ்தோ அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு வெளியே வைத்தார்.

பிறகு பழக்கத்தில், குழியின் ஓரம் நேராக இருக்கிறதா என்று நூல் பிடிக்கச் சொன்னார். அன்செல்மோ பிடித்தான்.