இடது பக்கம் நிற்கிறவன்

இன்றைக்குப் பார்த்த மனிதரைப் பற்றி எழுதாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது போலிருக்கிறது. முடிவெட்டுகிறவர், முப்பத்து மூன்று வயது. தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஸ்டைலு'. போன வருடம் பக்கவாதம் வந்து படுத்தவர். இப்போது நடக்கிறார், பேசுகிறார், கையும் மடங்குகிறது. பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

இளம் வயதில் பக்கவாதம் வந்து மீண்டவர்களுக்கு இன்னும் என்ன தேவை என்று எங்கள் பிசியோதெரபி வகுப்பிலிருந்து நேரில் போய்க் கேட்கிறோம். அப்படித்தான் அவர் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கக் கண்ணாடி, இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் மனைவியின் அண்ணன் யாருக்கோ முடிவெட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். கடை இருவருக்கும் பொது. இன்னொரு நாற்காலியில் ஈரத் துண்டுகள் காய்ந்தன. அது ஸ்டைலுவுடையது.

"தானா குளிக்கிறீங்களாண்ணே? சாப்பிடுறீங்களா?"

"எல்லாம் ஆவுது தம்பி."

"தட்டுல பாதிய மட்டும் அப்படியே வச்சிடுவாரு. என் தங்கச்சி சமையல் அந்த லட்சணம்," என்றார் மச்சான். பிறகு குரலை இறக்கினார். "போன மாசம் ஒருத்தருக்கு சவரம் பண்ணாரு. முடிஞ்சுதுன்னு துண்டை உதறிட்டாரு. அந்தாளு பாதி மூஞ்சில நுரையோட உக்காந்திருக்காரு. தெருவே சிரிச்சுது. வர்ற திங்கக்கிழமையில இருந்து அந்த நாற்காலிக்கு வேற ஆளு வரான். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

மச்சான் டீ வாங்கப் போனதும் ஸ்டைலு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, இப்ப கடைக்குள்ள எத்தன பேரு இருக்கோம்?"

"நாம ரெண்டு பேருதாண்ணே."

"என் இடது பக்கம் ஒருத்தன் நிக்கிறான். திரும்பினா நகந்துடுவான். படுத்தா பக்கத்துல ஒரு கை கிடக்கும். அவன் கைதான்னு புடிச்சுத் தள்ளுவேன். தள்ளுனா என் தோளு இழுபடும்."

என்னையறியாமல் அந்தப் பக்கம் பார்த்துவிட்டேன்.

"வீட்டுல சொல்லலையா?"

"சொன்னா பைத்தியம்பாங்க. பைத்தியக்காரன் கையில எவன் கத்திரிய குடுப்பான்? எனக்கு இந்த நாற்காலிய விட்டா வேற என்ன தெரியும்?"

உடனே எங்கள் ஆசிரியைக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, ஸ்டைலுவும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"மூளையில வலது பக்கம் பாதிக்கப்பட்டா சிலருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே பதியாது. தன் கையே அடுத்தவன் கை மாதிரி தோணும். ஆளு நிக்கிற மாதிரியும் இருக்கும். அது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். அதுவரைக்கும் சவரக்கத்தி மட்டும் தொட வேணாம்."

நிமிர்ந்தால் வாசலில் டீ கிளாஸோடு மச்சான்.

"ஏண்டா மாப்ள, ஒரு வருஷமா இதையாடா முழுங்கிக்கிட்டுக் கெடந்த?"

கிளாஸை வைத்தார். சவரக்கத்தியை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். ஸ்டைலுவின் முகம் செத்துவிட்டது. அப்புறம்தான் மச்சான் அந்தத் துண்டுகளை வாரி எறிந்துவிட்டு, காலி நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

"கத்திரிய எடு. வெட்டு."

"மச்சான், பாதியில நின்னுடும்."

"நிக்கட்டும். என்னைப் பாத்து எவன் பொண்ணு குடுக்கப் போறான்?"

வலது பாதி அவ்வளவு அழகாக வந்தது. ஸ்டைலு கத்திரியை வைத்தார். "முடிஞ்சுது."

மச்சான் காலால் உந்தி நாற்காலியை அப்படியே பின்பக்கம் திருப்பி, ஸ்டைலுவுக்கு எதிர்முகமாக உட்கார்ந்தார். காடாகக் கிடந்த இடது பாதி இப்போது ஸ்டைலுவின் வலது கைப் பக்கம். அவர் அதிர்ந்து பார்த்தார். அதுவரை இல்லாத தலைமுடி திடீரென்று முளைத்தது போல. கத்திரி மறுபடி பேச ஆரம்பித்தது.

"திங்கக்கிழமை வர்ற ஆள வர வேணாம்னு சொல்லிடறேன். நாற்காலிய நான் திருப்பறேன், நீ வெட்டு. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

ஸ்டைலு தலையாட்டினார்.

"அவன் இப்பவும் நிக்கிறானா?" என்று கேட்டார் மச்சான்.

"நிக்கிறான்."

மச்சான் எழுந்து, கழுத்து முடியைத் தட்டிவிட்டு, ஸ்டைலுவின் இடது பக்கம் ஒட்டிப் போய் நின்றார். "இப்ப?"

ஸ்டைலு மெல்லத் தலையைத் திருப்பினார்.

"இப்ப ரெண்டு பேரு மச்சான்."

மச்சான் சிரித்தார். ஸ்டைலு சிரிக்கவில்லை.

நண்பர்களே, இதைத் தயவுசெய்து நாலு பேருக்கு அனுப்புங்கள். சின்ன வயதில் பக்கவாதம் வந்து எழுந்தவர் உங்களுக்குத் தெரிந்து இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள். நடக்கிறாரா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.