பதில் சொல்லக் கூடாத கூவல்

போன வருடம் மலையில் ஏலக்காய் எடுப்பு தொடங்கி, போடியில் எந்நேரமும் சாரல் காற்று அடித்துக்கொண்டிருந்த சமயம் அது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு பதறும். பயத்தில் இல்லை, கோபத்தில்.

நான் போடிநாயக்கனூரில் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன். அதோடு ஒரு கிறுக்கும் உண்டு. புதிதாக வருகிற பாட்டுகளைக் கேட்டு, எது எதனால் நன்றாக இருக்கிறது, எது எதனால் சொதப்பல் என்று எழுதுவேன். இணையத்தில் ஒரு பத்திரிகை அதையெல்லாம் போட்டுக்கொண்டிருந்தது. என் மனைவி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள். காலையில் தூக்குவாளியோடு ஜீப்பு ஏறினால் போடிமெட்டு தாண்டிப் போய், பொழுது சாயத்தான் வீடு வந்து சேருவாள். "நீங்க இப்படி எழுதி எழுதிக் கிழிக்கிறதுக்கு எவனாச்சும் ஒரு டீ வாங்கித் தர்றானா" என்பதுதான் என் எழுத்தைப் பற்றி அவள் வழக்கமாகச் சொல்லும் விமரிசனம்.

அந்தச் சமயத்தில் பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். பட்டணத்து நாடகக் குழு ஒன்று புதிதாக ஒரு இசை நாடகம் போடப்போகிறதாம். மேடை ஏறுவதற்கு முன்பே கதை முழுவதையும் பாட்டுகளாக்கி ஒரு ஆல்பமாக வெளியிடுகிறார்களாம். பாட்டெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிற பாப் இசை. "உங்க ஊரு மலைதான் சார் கதை. நீங்க எழுதினாத்தான் பொருத்தம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் மலையை வைத்து ஒரு ஆல்பம், அதற்கு நான் விமரிசனம்.

மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இருப்பதிலேயே நல்ல ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஏலக்காய் எடுக்கப் போகிற ஒரு பெண்ணுக்கு ஜீப்பு டிரைவர் மேல் காதல், கடைசியில் அவள் பாட்டுக்காரியாகிப் பட்டணம் போகிறாள். ஆனால் இசை இருக்கிறதே, பொய் சொல்லக் கூடாது, அருமையாக இருந்தது. காய்ந்த ஏலக்காயைக் குலுக்குகிற சத்தத்தைத் தாளமாக்கி இருந்தார்கள். மேட்டில் முனகுகிற ஜீப்பு இன்ஜினை அப்படியே ஒரு பாட்டின் அடிநாதமாக வைத்திருந்தார்கள். கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நடுவில் வந்த பாட்டு ஒன்று ஒரு கூவலோடு ஆரம்பித்தது. கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தக் கூவலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏலச்செடி ஆளை மறைக்கிற உயரம் வளரும். பக்கத்தில் நிற்கிறவளே கண்ணுக்குத் தெரிய மாட்டாள். அதனால் பெண்கள் நாள் முழுக்க ஒருத்தியை ஒருத்தி கூவிக் கூப்பிட்டுக்கொண்டுதான் காய் எடுப்பார்கள். அதில் கேலியும் கிண்டலும் எல்லாம் உண்டு. ஆனால் ஒரே ஒரு கூவல் தனி. யானை கண்ணில் பட்டால் போடுவது. உச்சத்தில் ஆரம்பித்துச் சரேலென்று இறங்கி, வெட்டினாற்போல் நின்றுவிடும். அதற்கு யாரும் பதில் குரல் கொடுக்கக் கூடாது. வாளியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் கூவல் யானை வந்திருக்கிறது என்று சொல்லும், அடுத்தது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லும். நடுவில் எவளாவது வாயைத் திறந்தால் அடுத்த கூவல் காதில் விழாது, யானைக்கும் இடம் தெரிந்துவிடும்.

அந்த நாடகக் குழு கோடையில் தோட்டத்துக்கு வந்திருந்தது. முதலாளியிடம் அனுமதி வாங்கிப் பெண்களின் பேச்சு, பாட்டு எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு போனார்கள். அந்தக் கூவலைச் செய்து காட்டியது என் மனைவிதான். அன்று வீட்டுக்கு வந்தும் சொன்னாள். "பாட்டுக்காரத் தம்பி ஒண்ணு ரொம்பக் கேட்டுச்சுங்க. ஒரு தடவை செஞ்சு காட்டுனேன். இதுக்கு யாரும் பதில் குடுக்கக் கூடாது தம்பின்னும் சொல்லிட்டேன். தலைய தலைய ஆட்டுச்சு."

தலையை ஆட்டிய தம்பி என்ன செய்திருந்தான் தெரியுமா? கதாநாயகி கூவுகிறாள். உடனே ஒரு கும்பலே சேர்ந்து "இந்தா வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்" என்று பதில் பாடுகிறது. டிரம்ஸ் வெடிக்கிறது. கேட்கிறவன் காலைச் சும்மா வைத்திருக்க முடியாது.

சாயங்காலம் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டாள். "இவளுக யாருக்குப் பதில் சொல்றாளுக?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் விடவில்லை. பத்திரிகையில் நம்பர் வாங்கி அந்த இசையமைப்பாளத் தம்பிக்கே போன் போட்டேன். மரியாதையாகத்தான் சொன்னேன். தம்பி, பாட்டு பிரமாதம், அந்தப் பதில் வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், கூவலுக்கு அப்புறம் அமைதியாக விட்டுப் பாருங்கள், இசையாகவும் அதுதான் எடுப்பாக இருக்கும் என்று விளக்கினேன். "அண்ணே, ஸ்டேஜ்ல இவங்க கூவினா ஆடியன்ஸ் திருப்பிக் கத்தணும், அதுதான் அந்தப் பாட்டோட ஹைலைட்டே. இது கலை அண்ணே, டாக்குமெண்டரி இல்ல" என்றான். கலையாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேரில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

சரி, எழுத்தில் பார்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன். நல்லதை நல்லது என்று எழுதினேன். கடைசியில் அந்தக் கூவல் என்ன, அதற்கு ஏன் பதில் கிடையாது, இவர்கள் செய்தது எப்படிப்பட்ட தப்பு என்று விலாவாரியாக எழுதி அனுப்பினேன். பத்திரிகையில் வந்தபோது பார்த்தால் அந்தக் கடைசிப் பகுதி முழுதும் காணோம். ஆசிரியரைக் கேட்டேன். "ரொம்ப லோக்கலா இருந்துச்சு சார், பொதுவா படிக்கிறவங்களுக்குப் புரியாது" என்றார். போதாததற்கு அந்தக் குழு நான் பாராட்டிய வரிகளை மட்டும் பிய்த்து எடுத்து, "மலையின் மைந்தரே மெச்சிய ஆல்பம்" என்று விளம்பரம் போட்டுக்கொண்டது. நான் சொன்ன குறையைச் சொல்லாத மாதிரியே ஆக்கிவிட்டார்கள். அந்தப் பத்திரிகைக்கு எழுதுவதை அன்றோடு நிறுத்தினேன்.

பாட்டு தீயாகப் பரவியது. போனில் ஆடிப் போடுகிற குட்டி வீடியோக்களுக்கு அது வாகாகப் போய்விட்டது. ஒருத்தி கூவுவாள், பின்னால் பத்துப் பேர் குதித்து வந்து "இந்தா வந்துட்டேன்" என்பார்கள். பஸ் ஸ்டாண்டில் அதுதான், பரோட்டாக் கடையில் அதுதான், மலை ஏறுகிற ஜீப்பிலும் அதுதான். ஒரு காதுகுத்தில் அந்தப் பாட்டைப் போடமாட்டேன் என்று சொன்னேன். தாய்மாமன்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். "பாட்டுப் போட வந்தியா, பஞ்சாயத்துப் பண்ண வந்தியா?" என்றார். வேறு ஆள் வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று வயரைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஊரில் எல்லாரும் எனக்குத் திமிர் என்றார்கள். இருக்கட்டும்.

நான் பயந்தது நடந்தேவிட்டது. ஒரு நாள் காலை, மலையில் மூடுபனி. என் மனைவி மேட்டுப் பக்கம் காய் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கீழே ஓடையை ஒட்டி ஒரு ஒற்றை யானை நிற்பதைப் பார்த்துவிட்டாள். உடனே அந்தக் கூவலைப் போட்டாள். ஓடைக்குப் பக்கத்தில் அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண்கள் நாலைந்து பேர். அவர்கள் சிரித்துக்கொண்டே "இந்தா வந்துட்டேன்" என்று பாடினார்கள். இவள் உயிர்போகிற மாதிரி திரும்பக் கூவினாள். அதற்கு இன்னும் சத்தமாக, சுருதி சுத்தமாகப் பதில் வந்தது. யானை சத்தம் வந்த பக்கம் திரும்பிவிட்டது.

எங்களுக்கு ரொம்ப வேண்டிய அக்கா ஒருத்தர், ராசிங்காபுரத்துக்காரர், நடுவில் நின்று காய் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளின் வாயை அடைக்க வேண்டும், கத்தியும் சொல்ல முடியாது. ஈரச் சரிவில் ஓடியே இறங்கினார். போய் அவர்களை மேலே துரத்திவிட்டார். திரும்பும்போது வழுக்கி விழுந்ததில் கால் முறிந்துபோனது. எழுந்திருக்க முடியவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு செடிக்கு அடியில் கிடந்தார். யானை வாளிகளை மிதித்து நசுக்கிக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே நடந்து போயிருக்கிறது. மேலே நின்ற பெண்கள் அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட முடியாமல், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நின்றிருக்கிறார்கள்.

தகவல் கிடைத்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போய் அவளுக்குப் பேச்சே வரவில்லை. அந்த அக்காவின் மகன் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தான். டாக்டர் தொடை எலும்பு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. அந்தக் கூவல். அப்புறம், "இந்தா வந்துட்டேன்." படுக்கையில் இருந்த அக்கா அந்தச் சத்தத்துக்கு மறுபடி முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனதை நான் பார்த்தேன். அவன் போனை அணைக்கத் தெரியாதவன் போலத் தடவிக்கொண்டே இருந்தான். நான்தான் பிடுங்கி அணைத்தேன். அவனை என்ன சொல்வது? ஊரே வைத்திருந்த பாட்டு.

அன்றே என் சொந்தப் பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன். வந்த பதில்களைப் படித்தால் உங்களுக்கும் வயிறு எரியும். இவருக்குப் பொறாமை என்றான் ஒருவன். யானைக்கும் பாட்டு பிடித்திருக்கும் என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தான் இன்னொருவன். இரண்டு நாளில் அந்த இசையமைப்பாளரே கூப்பிட்டான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "ரொம்ப வருத்தமா இருக்குண்ணே. முதல் ஷோவுல அந்த அம்மாவுக்கு மேடையில ஒரு மரியாதை பண்ணிடுவோம். அப்படியே உங்க ஒய்ஃப் வந்து அந்தக் கூவலை ஒரிஜினலா ஒரு தடவை பண்ணினாங்கன்னா, ஆடியன்ஸ் அப்படியே உறைஞ்சு போயிடுவாங்கண்ணே" என்றான்.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கத்த ஆரம்பித்தேன். என் மனைவி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை. கரகரத்த குரலில் நிதானமாகப் பேசினாள். "தம்பி, யாரும் பதில் குடுக்கக் கூடாதுன்னு அன்னைக்கே ஒங்ககிட்ட சொன்னேன். நீங்க பாட்டாக்கிட்டீங்க. அந்த அக்கா இனிமே மலை ஏறாது. அதுக்கு நீங்களும் எனக்கு ஒரு பதிலும் சொல்ல வேணாம்." அவன் ஏதோ பேசத் தொடங்கினான். அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த நாடகம் மேடையேறியது. பார்த்தவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள். அந்தக் கூவல் வரும்போது அரங்கமே எழுந்து நின்று திருப்பிக் கத்தியதாம். நான் போகவில்லை.

மலையில் பெண்கள் அந்தக் கூவலை விட்டுவிட்டார்கள். எத்தனையோ காலமாக இருந்து வந்தது, ஒரே பாட்டில் ஒன்றுக்கும் உதவாததாகிவிட்டது. தங்களுக்குள் பேசி வேறு ஒரு சத்தம் வைத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அது என்ன சத்தம், எனக்கு ஒரு தடவை செய்து காட்டேன் என்று கேட்டேன். தூக்குவாளியை மூடிக்கொண்டே சொன்னாள். "ஒங்க சோலி சத்தத்த ஊருக்கெல்லாம் கேக்க வைக்கிறது. இது ஊருக்குக் கேக்கக் கூடாத சத்தம். விடுங்க, ஜீப்பு வந்துரும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன அவனா, என்னிடம்கூடச் சொல்லக் கூடாதா என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நான் கேட்கவில்லை. ஊரில் எந்தப் பாட்டு வந்தாலும் முதலில் கேட்டு நல்லது கெட்டது சொல்லுகிற எனக்கு, என் மனைவியின் உயிரைக் காக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று இன்றுவரை தெரியாது. தினமும் பொழுது சாய ஜீப்பிலிருந்து அவள் இறங்குவதைப் பார்க்கும்போது, அந்தக் கோபம் அப்படியே இருந்தாலும், அது எனக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது.