கூப்பிட்டால் களவு

மாட்டைத் திருடிவிட்டாள் என்று என் அக்காள் மேல் கேஸ் போட்டவன் அவளுக்குத் தாலி கட்டியவன். மாடோ எங்கள் கொட்டத்தில் பிறந்தது. இத்தனை காலம் போன பிறகும் இதைச் சொன்னால் எனக்குப் பல் நறநறக்கிறது. அந்த ஆளை அத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் என்றே சொல்கிறேன்.

எங்களுக்கு அனுமந்தன்பட்டி. அக்காளைத் தேவாரத்தில் கொடுத்திருந்தோம். கலியாணச் சீரோடு ஒரு செவலைக் கிடாரியும் போயிற்று. எங்கள் வகையறாவில் சீர் மாட்டுக்குப் போகிற வீட்டுக் குறியைச் சூடு போட்டுத்தான் அனுப்புவார்கள். பிறந்த வீட்டுக் குறியோடு அனுப்பினால், கொடுத்தும் கொடுக்காத மாதிரி ஆகிவிடுமாம், மரியாதை இல்லையாம். எங்களைப் பெற்ற அய்யா தானே கம்பியைக் காய்ச்சி, அவர்கள் வீட்டுக் குறியை அதன் தொடையில் இழுத்தார். சம்பந்தி வீட்டார் மெச்சிக்கொண்டார்கள். எங்கள் தலையில் நாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்பது அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

செவலை மூன்று ஈற்று ஈன்றது. பிறகு சினை பிடிக்கவில்லை. அவன் அக்காளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மாட்டு வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டான். கம்பம் மெட்டு ஏறி மலையாளத்துக்குப் போகிற கிழட்டு மாடு எதற்குப் போகிறது என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அக்காள் மறித்தாள். விளக்குமாற்றால் அடித்தான். அவள் மாற்றுச் சேலைகூட எடுக்காமல் தெருவில் இறங்கிவிட்டாள்.

தண்ணீர் காட்ட அவிழ்த்துவிட்டிருந்த மாடு வாசலில் நின்றது. அக்காள் கயிற்றைத் தொடவே இல்லை. அவள் முன்னே, மாடு பின்னே, கோம்பை வழியாக நடந்து பொழுது சாய வீடு வந்து சேர்ந்தார்கள். அடுத்து வந்தது போலீஸ். அக்காளை மட்டுமல்ல, மாட்டையும் தொண்டிப் பொருள் என்று ஓட்டிக்கொண்டு போனார்கள்.

உத்தமபாளையத்து வக்கீல் விரலை மடக்கி எங்களுக்கு விளக்கினார், குழம்புக்குப் பக்குவம் சொல்கிற மாதிரி. அசையும் பொருளாக இருக்க வேண்டும். அது அடுத்தவர் கைவசம் இருக்க வேண்டும். அவர் சம்மதம் இருக்கக் கூடாது. நேர்மையில்லாத எண்ணத்தோடு எடுக்க வேண்டும். எடுப்பதற்காக அதை இடம் நகர்த்த வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் களவு ஆகாதாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. சாணி அள்ளியது, புல் அறுத்தது, ஈற்றுக்குக் கூட இருந்தது எல்லாம் அக்காள், பிறகு மாடு எப்படி அவன் கைவசம் என்று கேட்டேன். பொம்பளைப் பிள்ளை குறுக்கே பேசுகிறது என்று அய்யா முறைத்தார். வக்கீல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே பதில் சொன்னார். புருஷனுக்காகப் பெண்டாட்டி வைத்திருப்பதும், எசமானுக்காக வேலைக்காரன் வைத்திருப்பதும் அந்த ஆண்பிள்ளைகளின் கைவசம் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளுமாம். எவன் எழுதினானோ, அவன் வீட்டில் ஒரு நாள் சாணி அள்ளியிருப்பானா?

அவர் நம்பியிருந்தது கடைசி விரலைத்தான். நாய்க்குத் தீனி காட்டிப் பின்னால் வர வைத்தாலே நகர்த்தியதாகிவிடும் என்று சட்டம் சொல்கிறதாம். மாடு தன்பாட்டுக்கு வந்தால் நகர்த்தியதாகாது. ஆகவே, தானாக வந்தது என்று மட்டும் சொல், கூப்பிட்டேன் என்று மறந்தும் சொல்லாதே என்று அக்காளுக்குப் படித்துப் படித்துச் சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான். மாட்டைக் கூப்பிட்டாயா?

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். அக்காள் அவர் பக்கம் திரும்பவில்லை.

“கூப்புட்டேன் சாமி. என்னயப் பாத்துக் கத்துச்சு. வா ஆத்தான்னேன், வந்துச்சு. என் மாட்ட நான் கூப்புடாம வேற யாரு கூப்புடுவா?”

வக்கீல் தலையைத் தொங்கப்போட்டார். எனக்கு அக்காள் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒரு பொய் சொன்னால் நாக்கா அழுகிவிடும்?

ஆனால் அவளைக் காப்பாற்றியதும் அந்தப் பேச்சுதான். தன்னுடையது என்று மனசார நம்பி ஓட்டி வந்திருக்கிறாள், நேர்மையில்லாத எண்ணம் இல்லை, களவு ஆகாது என்று விடுதலை செய்தார்கள். நான் அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் தீர்ப்பு அதோடு முடியவில்லை. மாட்டில் இருப்பது புருஷன் வீட்டுக் குறி, வந்தது அவன் கைவசத்திலிருந்து, ஆகவே மாட்டை அவனிடமே ஒப்படைக்க வேண்டும். யாருடைய மாடு என்று தீர்த்துக்கொள்ள சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். அய்யா சூடு இழுத்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் திருடி இல்லையாம், மாடும் அவளுக்கு இல்லையாம். இது என்ன நியாயம்? சிவில் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா வாங்கி முடிப்பதற்குள் செவலை செருப்பாகித் தேய்ந்திருக்கும்.

வெளியே புங்கமரத்தில் மாட்டைக் கட்டியிருந்தார்கள். அவன் கயிற்றை அவிழ்த்து இழுத்தான். செவலை நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு அக்காள் நின்ற பக்கமே பார்த்தது. அவனுடன் வந்தவன் வாலை முறுக்கினான். அதற்கும் அசையவில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சலித்துப்போய் அக்காளிடம் வந்தார்.

“ஏத்தா, ரோடு வரைக்கும் நீ ஒரு குரல் குடுத்துக் கூட்டியாந்து விடு. ஒனக்குன்னா நடக்கும்.”

“நான் கூப்புட்டதுக்குத்தான இம்புட்டு நாளா என்னயத் திருடின்னாக? மாட்டேன்.”

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். குரல் வெளியே வந்துவிடக் கூடாதே என்று பற்களால் கடித்துக்கொண்டு நின்றாள். தார்க்குச்சியால் குத்தினார்கள். பழைய சூட்டுக் குறிக்குப் பக்கத்தில் ரத்தம் வந்தது. செவலை நகர்ந்தது. அதை நகர்த்தியவன் மேல் எந்தக் கேஸும் இல்லை.