பஸ்ஸுக்கே கேட்கும்படி மார்க் கேட்ட மாமா

பிளஸ் டூ ரிசல்ட் பார்த்துவிட்டு நானும் தங்கச்சியும் சிவகாசியிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். அவள் கணக்கில் பெயில். அழுது ஓய்ந்திருந்தாள்.

பின்சீட்டிலிருந்து எதிர்வீட்டு மாமா பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, “ஏத்தா, எம்புட்டு மார்க்கு?” என்றார்.

“கணக்குல போயிருச்சு மாமா. மெதுவாப் பேசுங்க” என்றேன்.

மெதுவாகப் பேசுகிற ஆளா அவர்? “அப்ப நாளைக்கே பட்டாசுக் கம்பெனி வேன்ல ஏத்திவிடு. பெயிலானதுகளுக்குன்னேதான வருது” என்று சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“அந்த வேன்லதான உங்க வீட்டு அத்தையும் வேலைக்குப் போறாக. அவுக எந்தப் பாடத்துல பெயிலு மாமா?”

முன்சீட்டில் இருந்த அத்தை மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்.

வீட்டில் மாமாவுக்கு எத்தனை மார்க் விழுந்தது என்று கேட்பது நாகரிகமில்லை. ஆனாலும் எங்கள் தெருக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.