நாலு ஸ்வரத்தில் ஒரு பெயர்

எங்கள் வீட்டுப் பியானோவுக்கு என்னைவிட வயதும் அதிகம், மரியாதையும் அதிகம். கடற்காற்றின் உப்பு அதன் கம்பிகளில் ஏறிவிடக் கூடாது என்று தெருப்பக்கத்து ஜன்னல்களை மத்தியானமே சாத்திவிடுவார்கள். உள்ளே எங்களுக்கு வேர்த்துக் கொட்டினால் அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அதை வாசிக்கிற உரிமை அத்தைக்கு மட்டும்தான் இருந்தது. அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. முப்பது வயது தாண்டியும் கல்யாணமாகாமல், கான்வென்ட் பெண்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பத்து வயதில் அந்தப் பெண்களோடு என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் காகிதத்தில் ஊர் இன்னும் முழுசாகக் கைமாறவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். சாப்பாட்டு மேசையில் தினமும் அதே பேச்சுதான். பிரான்சுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா? அப்பா ஒரு நாள் போவார், மறுநாள் இருப்பார். அத்தை மட்டும் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, சைகோனில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஒரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அம்மாவுக்குப் பட்டுத்துணி, எனக்கு மடிக்கிற விசிறி, அத்தைக்கு ஒரு இசைப் புத்தகம். ஊரைக் காலி செய்த வெள்ளைக்காரி ஒருத்தி விற்றுவிட்டுப் போனதாம். அத்தை அதை நின்றபடியே புரட்ட ஆரம்பித்தாள். உட்கார வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

வியன்னாவில் வாழ்ந்து மறைந்த ஒரு பழைய மேதைக்கு, அவர் இறந்து நூறு வருஷத்துக்குப் பிறகு, பாரிஸில் ஐந்தாறு பேர் சேர்ந்து மரியாதை செய்திருக்கிறார்கள். சிலை வைக்கவில்லை, மாலை போடவில்லை. அவருடைய பெயரின் ஐந்து எழுத்துகளை ஐந்து ஸ்வரங்களாக மாற்றி, அந்த ஸ்வரங்களை வைத்து ஆளுக்கொரு பியானோ இசை எழுதினார்கள். அவைதான் அந்தப் புத்தகத்தில் இருந்தன. அத்தை அந்த மேதையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. 'பெரியவர்' என்றுதான் சொல்வாள். புத்தகத்திலிருந்த எல்லாவற்றையும் அவள் ஒரே வாரத்தில் வாசித்துக் காட்டினாள். ஒன்று பழைய காலத்து நாட்டியம்போல் இருந்தது. ஒன்று யாரோ யோசித்துக்கொண்டே நடப்பதுபோல் இருந்தது. எனக்குப் பெரிய சந்தேகம் வந்துவிட்டது.

"எல்லாரும் ஒரே பேரைத்தானே வாசிக்கிறாங்க? அப்ப எல்லாம் ஒரே பாட்டாத்தானே இருக்கணும்?"

"பேருதான் ஒண்ணு. கூப்புடுறவங்க வேற வேற இல்லையா" என்றாள் அத்தை.

எனக்கு அது விளங்கவில்லை. மாமா செய்ததுதான் விளங்கியது. என் சிலேட்டில் ஏழு கட்டம் போட்டு, பிரெஞ்சு எழுத்துகளை வரிசையாக எழுதினார். முதல் ஏழு எழுத்து, 'லா'வில் தொடங்கி, ஏழு ஸ்வரத்துக்கு. எட்டாவது எழுத்தை மறுபடி முதல் கட்டத்தில் போட வேண்டும். இப்படியே இருபத்தாறும் தீரும்வரை. ஆக ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று நான்கு எழுத்துகள் சேர்ந்துவிடும். "இனிமே யார் பேரை வேணும்னாலும் நீ வாசிக்கலாம்" என்றார்.

நான் வீட்டில் ஒருவரையும் விடவில்லை. அப்பாவின் பெயர், மாடிப்படியில் செருப்போடு இறங்குவதுபோல் இருந்தது. அம்மாவின் பெயர் விக்கலெடுப்பதுபோல் வந்ததால் அவளுக்குக் கோபம். எதிர்வீட்டு நாயைக்கூட வாசித்துவிட்டேன்.

சில வாரங்களில் அத்தை தானே ஒரு இசையை எழுதத் தொடங்கினாள். மாலையில் கான்வென்ட் பெண்கள் போன பிறகு, கொஞ்சம் வாசிப்பாள், நிறுத்துவாள், பென்சிலால் குறிப்பாள். என்னவென்று அப்பா கேட்டபோது, "என் பங்குக்குப் பெரியவருக்கு ஒரு மரியாதைண்ணா" என்றாள். அப்பாவுக்குப் பெருமை. அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அந்த இசை எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. தோ, மி, லா, சோல் என்று நான்கு ஸ்வரங்களில் தொடங்கும். பிறகு எங்கெங்கோ சுற்றிவிட்டு அந்த நான்குக்கே வரும். ஒரு சமயம் மேலே, ஒரு சமயம் இடக்கையில் அடியாழத்தில். பெரியவரின் பெயரில் ஐந்து எழுத்து. இதில் நான்குதான் இருந்தது. கணக்கில் தப்பு கண்டுபிடித்த பிள்ளையின் உற்சாகத்தோடு சிலேட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒவ்வொரு எழுத்தாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் ஒரு பெயர் கிடைத்தது. பிரெஞ்சில் எழுதினால் நாலெழுத்து, எங்கள் ஊரில் சாதாரணமான பெயர்தான். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல சபையில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

சபை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியது. பிரான்சில், மர்சேய் நகரத்தில் வேலை பார்க்கிற, மனைவியை இழந்த ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். அவரும் அவருடைய அக்காவும் அத்தையைப் பார்க்க வந்தார்கள். கிறிஸ்துமஸ் இல்லாமலே அம்மா விவிக்கம் கேக் செய்திருந்தாள் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளலாம். இந்தச் சம்பந்தம் முடிந்தால் அத்தை பிரான்சுக்குப் போவாள், அவளைத் தொட்டுக்கொண்டு நாங்களும் போகலாம் என்பது அப்பாவின் கணக்கு. வந்தவர் நல்ல மாதிரி. அதிகம் பேசவில்லை. கேக்கின் முந்திரியை எனக்குக் கொடுத்தார்.

"அங்க வீட்லயும் பியானோ இருக்கு, தொடுறதுக்குத்தான் ஆள் இல்ல" என்றார் அக்கா. "ஏதாவது வாசியேம்மா, கேப்போம்."

அத்தை புத்தகத்திலிருந்து ஒன்று வாசித்தாள். இன்னொன்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் இசையை வாசித்தாள். முடிந்ததும் வந்தவர், "இது யார் எழுதினது?" என்று கேட்டார்.

"என் தங்கச்சியே எழுதினது" என்றார் அப்பா. "பழைய காலத்து மேதை ஒருத்தர் பேரை வெச்சு எழுதியிருக்கா."

என் நேரம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

"இல்லப்பா. அவர் பேர்ல அஞ்சு எழுத்து. இதுல நாலுதான் இருக்கு. நான் சிலேட்டுல போட்டுப் பாத்துட்டேன். ழான்னு வருது."

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அம்மாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்து ஒரு துண்டு கேக் தரையில் விழுந்தது. அதை யாரும் குனிந்து எடுக்கவில்லை. அப்பா பியானோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தம்பியைப் பார்த்தார்.

மாமாதான் முதலில் சிரித்தார். "பாப்பாவுக்குப் பாதிதான் சொல்லிக்குடுத்தேன். ஒரு ஸ்வரத்துக்கு மூணு நாலு எழுத்து இருக்கு. எப்படி வேணும்னாலும் படிக்கலாம். இதையே 'க்ளூ'ன்னும் படிக்கலாம். க்ளூன்னா ஆணி."

"ஆணிக்கா பாட்டு எழுதுனா?" என்று அக்கா கேட்க, வந்தவர் சிரித்துவிட்டார். அப்பாவும் அவசரமாகச் சேர்ந்து சிரித்தார். மாமா அத்தையைப் பார்த்து, "என்னம்மா, ஆணிதானே?" என்றார்.

அத்தை தலையை ஆட்டியிருந்தால் போதும். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

"இல்ல" என்றாள் அத்தை. "பிள்ள சரியாத்தான் படிச்சிருக்கா."

வந்தவர், "அவர் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"இல்ல" என்றாள் மறுபடி. அந்த 'இல்ல' வேறு.

அக்கா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். வாசல்வரை போன வந்தவர் திரும்பி வந்து, "நல்ல பாட்டு" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டார். அம்மா என் காதைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப்போனாள். கணக்கைச் சரியாகப் போட்டதற்கு எதற்காக அடி என்று எனக்குப் புரியவேயில்லை.

பல வருஷங்கள் கழித்து, எனக்கே கல்யாணமான பிறகு, மாமாதான் சொன்னார். ழான், உப்பளம் பேட்டையில் குடியிருந்த மில் தொழிலாளி ஒருவரின் மகன். மாதா கோயிலில் ஆர்கன் வாசித்தவர். மாமாவின் நண்பர். அத்தையைப் பெண் கேட்டு இந்த வீட்டுக்கே வந்திருக்கிறார். தாத்தா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவர் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனார், திரும்பவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று தேடி மாமா சைகோனில் இருந்த காலமெல்லாம் அலைந்தும் தெரியவில்லை. கல்லறை இல்லாததால் பெயர் வெட்டிய கல்லும் இல்லை. சம்பந்தம் முறிந்த பிறகு நாங்கள் யாரும் பிரான்சுக்குப் போகவில்லை. அப்பா மாதக்கணக்கில் தங்கையோடு பேசவில்லை. ஆனாலும் மத்தியானமானால் அவரே எழுந்து போய் ஜன்னல்களைச் சாத்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் வழக்கம்போல் என் பாட நேரம் வந்தது. திட்டு விழும் என்று பயந்துகொண்டே பியானோ முன் உட்கார்ந்தேன். அத்தை பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரவெல்லாம் தூங்காத முகம். ஆனால் கோபமாக இல்லை.

"நேத்து ஒரு பேரு சொன்னியே, அதை இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

"ழான்" என்றேன்.

"இன்னொரு தரம்."

சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாத்திய ஜன்னலுக்கு வெளியே ஒரு ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போனது. அது போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, மறுபடி சொல்லச் சொன்னாள். என் பிரெஞ்சு உச்சரிப்பில்தான் ஏதோ பிழை இருக்கிறது, அதைத் திருத்தத்தான் இப்படிச் செய்கிறாள் என்று நினைத்து, நாக்கை நன்றாக மடித்து, முன்னதைவிடத் தெளிவாக, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.