கரடி வேஷமும் கால் மெட்டியும்

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில், வேண்டுதல் வைத்தவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். புலி, கரடி, பூதம், எது வேண்டுமானாலும் போடலாம். உள்ளே யார் என்று கேட்கக் கூடாது. கேட்டவர் அடுத்த வருஷம் அந்த முகமூடியைத் தானே சுமக்க வேண்டும். முகமூடி போட்டவரும் வாய் திறக்கக் கூடாது. பெண்கள் போடக் கூடாது என்பதும் வழக்கம்தான். ஏன் என்று நானும் கேட்டதில்லை.

மகன் ஓட்டிய ஜீப் குப்பனூர் ரோட்டு வளைவில் கவிழ்ந்து, ஆள் கீறலோடு எழுந்து வந்தான். என் வீட்டுக்காரர் மூன்று வருஷம் கரடி வேஷம் போடுவதாக அம்மனிடம் ஒப்புக்கொண்டார். இரண்டு வருஷம் போட்டார். மூன்றாவது வருஷம் மிளகு பறிக்க ஏணியில் ஏறி, காலை முறித்துக்கொண்டு, கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தார். ஒரு வருஷம் விட்டால் முதலிலிருந்து மூன்று வருஷம் போட வேண்டும். வீட்டில் வேறு ஆள் போடலாம், ஆனால் பிழைத்தவனே போடக் கூடாது.

"இன்னொருக்கா மூணு வருசம் நம்மளால ஆவாது, புள்ள" என்று மச்சைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க படுங்க" என்றேன்.

காப்பி மூட்டை சுமந்த முதுகு இது. கரடி என்ன, சாக்குதானே. பிரித்த சாக்குநாரை மேலெல்லாம் கட்டி, காகிதக்கூழ் முகத்தை மாட்டினேன். கண் ஓட்டைகள் அவர் முகத்துக்கு அளவெடுத்தவை. எனக்கு ஒன்றில்தான் வழி தெரிந்தது. வளையலைக் கழற்றினேன். தாலியைச் சாக்குக்குள் தள்ளினேன்.

முதல் வீட்டில் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நானும் கீழே பார்த்தேன். இரண்டு காலிலும் மெட்டி. கட்டியவர் உயிரோடு இருக்கையில் அதைக் கழற்றும் எண்ணமே எனக்கு வந்திருக்கவில்லை. இப்போதும் வரவில்லை.

அவள் உள்ளே போய் மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து வந்து, விரல் தெரியாமல் அப்பிவிட்டாள்.

"கரடி இந்த வருசம் ஒரு முழம் கொறஞ்சு போச்சாட்ட இருக்குதுங்க அத்தை" என்று மாமியாரிடம் சொன்னாள்.

"மலையில தீனி இல்ல கண்ணு, எளச்சுப் போச்சு" என்றாள் கிழவி.

அடுத்த வீட்டுக்காரி, "போன வருசத்துக் கரடி நொம்ப ஆட்டம் போட்டுச்சு. இது நம்ம ஊட்டுக் கோழிக்கூட்டை நோட்டம் பாக்குது" என்றாள். கூட்டில் தாழ் போடவில்லை. பார்க்காமல் என்ன செய்வது?

கோயிலில் பூசாரி குடத்துத் தண்ணீரால் வேஷக்காரர் காலைக் கழுவித் தீர்த்தம் கொடுத்தால்தான் வேண்டுதல் தீரும். அவர் அரைக்குடம் ஊற்றினார். மஞ்சள் அத்தனையும் ஓடிப்போனது. மெட்டியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், அதாவது கரடி முகத்தை. வாய் பாதி திறந்தது. சுற்றி நின்ற ஊர் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. பூசாரிக்கு மூச்சிரைப்பு உண்டு. அவரால் இந்த முகத்துக்குள் பத்து வீடு நடக்க முடியாது. வாயை மூடிக்கொண்டார்.

"கையை நீட்டு, கரடி" என்று தீர்த்தம் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்து முகத்தைக் கழற்றினேன். கட்டிலில் இருந்தவர் தலையைத் தூக்கினார்.

"யாராச்சும் கேட்டாங்களா, புள்ள?"

"ஒருத்தரும் கேக்கலீங்க" என்று சொல்லி, காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.