பாய் கழித்த இரண்டு கிலோ

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பேசினால், எடுத்த எடுப்பில் "இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். பதினோரு வருடம் ஓஹையோவில் விடுதிச் சமையல்காரனாக இருந்தும், அதற்கு வாய்கூசாமல் பொய் சொல்ல எனக்குப் பழகவில்லை. போன வாரம் கொடைக்கானல் மலையில் என் ஊரான பூம்பாறையில், சிக்னல் கிடைக்கிற ஒரே வளைவில் மூச்சிரைக்க நின்றுகொண்டு, "நன்றாக இல்லை, சாகப் பயமாக இருக்கிறது" என்றேன். அந்தப் பெண் பதறிப்போய், தற்கொலைத் தடுப்பு எண்ணைத் தரவா என்றாள். எனக்கு வேண்டியிருந்தது அந்த எண் அல்ல. என் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குப் பணம் தருகிறோம் என்ற ஒரு வார்த்தை.

அப்பா பூண்டுக் காட்டிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. எனக்கு இப்போது நாற்பத்தாறு, அவரைப்போல இரண்டு மடங்கு உடம்பு. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே என்று ஓஹையோ டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீட்டின் விதி விசித்திரமானது. ஆறு மாதம் விடாமல் பத்தியம் இருக்க வேண்டும். ஆனால் மாதாமாதம் போடும் எடை அவர்கள் கிழித்த கோட்டுக்குக் கீழே ஒரு தடவைகூட இறங்கக் கூடாது. வருகிற ஜனவரியோடு இந்த ஆபரேஷனையே திட்டத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கைக்காசில் செய்வதென்றால் அம்மா வயிறு கழுவுகிற அந்தப் பூண்டுக் காட்டை விற்க வேண்டும்.

பத்தியத்தின் நாலாவது மாதம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஊருக்கு ஓடி வந்தேன். அந்த மாத எடைக்குக் கொடைக்கானல் கிளினிக்குக்குப் போனால், அங்கிருந்த மெஷினின் முள் நூற்றிருபதில் போய் முட்டிக்கொண்டு நின்றது. டாக்டரம்மா யோசித்தார். "பஜார்ல பூண்டு மண்டி பாய்கிட்ட பெரிய தராசு இருக்கு சார். எடை போட்டுச் சீட்டு வாங்கிட்டு வாங்க, நான் லெட்டர்ஹெட்ல எழுதித் தர்றேன்."

ஓஹையோவில் நர்ஸ் என்னைத் திருப்பி நிற்கவைத்து, எண்ணை எனக்குக் காட்டாமல் குறித்துக்கொள்வாள். இங்கே ஸ்வெட்டரும் சால்வையும் ஷூவுமாக மூட்டைகளுக்கு நடுவே ஏறி நின்றேன். "ஏலே, அண்ணே ரெண்டு மூடைக்கு மேல இருக்காருடா!" என்றார் ஒரு சுமைதூக்கி. நானும் சிரித்தேன். சீட்டில், நான் நினைத்ததைவிட எடை குறைந்திருந்தது. அம்மா வீட்டுக் கேப்பைக் களியின் மகிமை என்று பூரித்துப்போனேன். அவர்கள் கோடு பவுண்டில், இது கிலோவில்; பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. கோட்டுக்கு ஒரு கிலோ குறைவு, விண்ணப்பம் நிராகரிப்பு என்று மின்னஞ்சல் வந்த பிறகுதான் மண்டிக்கு ஓடினேன்.

"அல்லா மேல ஆணையா ஒரு கிராம் கொறச்சுப் போடல தம்பி," என்றார் பாய். "சொட்டரு, சூவோட நின்னீங்கள்ல? சாக்குக்குக் கழிக்கிற ரெண்டு கிலோவத்தான் கழிச்சேன். டாக்டருக்குப் போற சீட்டு, நியாயமா இருக்கணும்ல?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இதே தராசடியில் அப்பா, அப்போது மண்டி நடத்திய பாயின் அத்தாவிடம் வருடந்தோறும் மல்லுக்கு நிற்பார். "சாக்கு ஒரு கிலோதான கெடக்கு, ரெண்டு கிலோ எதுக்குங்க கழிக்கிறீங்க?" ஒரு கிலோவுக்காகக் கத்துகிறாரே என்று வெட்கப்பட்டு நான் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

பாய் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். அதை டாக்டரம்மாவும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார். அனுப்பினேன். மறுபடி வளைவில் நின்று பேசியபோது, "பூண்டு வியாபாரி உங்களை ஏன் சாக்கில் போட்டு நிறுத்தார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். விளக்கினேன். கெஞ்சினேன் என்பதுதான் உண்மை. பதிந்ததைத் திருத்த முடியாதாம். ஆறு மாதத்தையும் முதலிலிருந்து தொடங்கலாமாம். அதற்குள் ஜனவரி வந்து போயிருக்கும்.

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு, "காட்டை வித்துப்புட்டு வெரசா சோலியப் பாருப்பா. ஒங்கப்பனத்தான் வாரிக் குடுத்தேன்," என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புறப்படுகிற அன்று வெள்ளனே, விமானப் பெட்டியை நிறுக்க மண்டிக்குப் போனேன். உள்ளே நாலு கிலோ பூண்டும், அம்மா கையெழுத்துப் போட்ட விற்பனைச் சம்மதமும் இருந்தன. "இதுல கழிக்கல தம்பி," என்றார் பாய், தலையை நிமிர்த்தாமல். பெட்டியை இறக்கிவிட்டு, நானும் ஒரு காலைத் தராசில் வைத்தேன். மறு கால் தரையிலேயே இருந்தது. தராசின் சிவப்பு எண்கள் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. வெளியே எனக்காகக் காத்திருந்த வண்டிக்காரர் ஹாரன் அடிக்கும் வரை அவை ஓரிடத்தில் நிற்கவே இல்லை.